குப்பை, தண்ணீர், மொட்டை மாடி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குள் தற்சார்பு என்னும் பொருளில் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராயபுரம் தொடங்கி மணலி வரையிலான பகுதிகளிலிருந்தே வந்திருப்பதால், இம்முறை பக்கங்களை வடசென்னை வாசகர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில், விரிவாக எழுதிய ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் நான்கு பேர், முதல் மாடியில் ஒரு சிறிய போர்ஷனில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பால்கனி கிடையாது, மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார். சமையலறைக் கழிவை உரமாக்கலாம் என்று ஒருமுறை வாளியில் சேர்த்து வைத்தேன். நாற்றம் எடுத்துப் புழுவும் வைத்துவிட்டதால், வீட்டுக்கார அம்மா சத்தம் போட்டுக் கொட்டச் சொல்லிவிட்டார். இடமில்லாதவர்கள் இந்த ஆசையையே விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

நாற்றத்துக்குக் காரணம் இடம் இல்லாமை அன்று, ஈரம். காய்கறித் தோலிலும் பழத்தோலிலும் பெரும்பகுதி தண்ணீரே என்பதால், அது வாளியின் அடியில் வடிந்து தேங்கி, காற்று புகாத நிலையை உண்டாக்குகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகிக் கழிவை அழுகச் செய்கின்றன. அதே கழிவுக்குக் காற்றும் உலர்ந்த பொருளும் போதிய அளவில் கிடைத்தால் அது அழுகாது, மட்கும். மட்கும் வாளியிலிருந்து மண்வாசனைதான் வரும்.

உங்களுக்குத் தேவை, நன்றாகக் கழுவிய 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டு மட்டுமே. காய்ச்சிய கம்பியால் பக்கவாட்டிலும் அடியிலும் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குத் துளைகளிட்டு, அடியில் பழைய தட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். முதல் அடுக்காகத் தேங்காய் நாரைப் பிய்த்துப் போடுங்கள். அதன்மேல் அன்றாடக் கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீரை நன்றாக வடித்துவிட்டுப் போட வேண்டும். ஒரு கிண்ணம் கழிவு போட்டால், அதன்மேல் ஒரு கிண்ணம் உலர்ந்த பொருளும் போட வேண்டும்; இந்தக் கணக்கில் மட்டும் கை சுருங்கக் கூடாது. கடைகளில் கோகோபீட் என்று விற்கும் தென்னை நார்த்தூள் இதற்கு ஏற்றது. அதை வாங்க மனமில்லாதவர்கள் மர அறுவைக் கடையில் மரத்தூள் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பிளைவுட் அறுத்த தூளும் பெயின்ட் அடித்த மரத்தின் தூளும் வேண்டாம். தெருவில் கூட்டிக் குவிக்கும் காய்ந்த இலைக்கோ காசே இல்லை. முதல் வாரத்தில் புளித்த மோரைக் கைப்பிடியளவு தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும்.

நம் வீடுகளில் பலரும் கவனிக்காத ஒன்று டீத்தூள். நாம் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்து வடிகட்டுவதால், அந்தச் சக்கை அப்படியே வாளிக்குள் போனால் எறும்பும் ஈயும் வந்து மொய்க்கும். வடிகட்டியோடு குழாயடியில் ஒருமுறை அலசிவிட்டுப் போட்டால் தொல்லையில்லை. மீந்த சோறு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். சாம்பார், ஊறுகாய், எண்ணெயில் பொரித்தவை ஆகியவை வேண்டவே வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை மட்க ஆண்டுகள் ஆகும்; அது வாளிக்கு ஆகாது.

இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு பிடியை எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல்களில் ஈரம் ஒட்ட வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. சொட்டினால் மரத்தூளைக் கூட்டுங்கள். உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெண்மையாகப் பூஞ்சை படர்ந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். நீங்கள் கண்ட புழுக்கள் தட்டையாகவும் வரிவரியாகவும் இருந்திருந்தால், அவை கறுப்புப் படைவீரன் ஈ என்னும் பூச்சியின் புழுக்கள். அவை கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. வீட்டு ஈயைப் போல உணவில் வந்து உட்காருபவை அல்ல. இதை வீட்டுக்கார அம்மாவிடம் விளக்குவதைக் காட்டிலும், மேலே மரத்தூளைத் தடிப்பாகப் போட்டு மூடிவிடுவது எளிது.

முதல் வாளி நிரம்பியதும் அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். ஆறிலிருந்து எட்டு வாரங்களில் முதல் வாளியில் இருப்பது கறுத்து, பொலபொலவென்று ஆகிவிடும். செடியே இல்லாத வீட்டில் உரம் எதற்கு என்ற கேள்வி வரும். தெருவோர மரத்தடியில் கொட்டினாலும் நல்லதே. பூச்செடி வளர்க்கும் அந்த வீட்டுக்கார அம்மாவுக்கே ஒரு பை கொடுத்தால், பூட்டிய மாடி திறக்கவும் வாய்ப்புண்டு.

குப்பைக் கிடங்குக்கு அருகிலேயே குடியிருக்கிறோம். ஊர்க் குப்பையெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது. நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகப் போட்டுக் கலந்துவிடுகிறார்கள். இந்த நிலையில் எங்களைப் பார்த்து ‘குப்பையைப் பிரியுங்கள்’ என்று சொல்வது நியாயமா?
— வாசகர், கொடுங்கையூர்

உங்கள் கோபம் நியாயமானது; அதைத் தணிப்பதற்காக இந்தப் பதிலை எழுதவில்லை. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், பல பத்தாண்டுகளாக நகரத்தின் வடபகுதிக் குப்பையெல்லாம் உங்கள் ஊரில்தான் குவிக்கப்பட்டது. அந்த மலையிலிருந்து எழும் புகைக்கும் நாற்றத்துக்கும் மூலகாரணம் அதில் கலந்துள்ள ஈரக்கழிவு. பிளாஸ்டிக்குக்கு அடியில் புதைந்து காற்றில்லாமல் அழுகும் சோறும் காய்கறியும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது தீப்பற்றினால், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிகிறது. அழுகியதிலிருந்து வடியும் கறுப்பு நீர் நிலத்தடிக்கு இறங்குகிறது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் கழிவு, மட்காத கழிவு, வீட்டிலுள்ள தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை ஒவ்வொரு வீட்டின் மீதும் சுமத்தின. அதே விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பையை உண்டாக்கும் இடங்களைத் தனியாக வகைப்படுத்தி, ஈரக்கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் கூறின. ஒரு முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் ஒன்று வெளியே தள்ளும் எச்சில் இலைக்கு உங்கள் தெரு முழுவதும் சேர்ந்தாலும் ஈடாகாது. வார்டு கூட்டங்களில் எழுந்து கேட்பதென்றால், இந்த மண்டபங்களையும் பெரிய ஓட்டல்களையும் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வண்டியில் கலந்துவிடுகிறார்கள் என்ற புகாருக்கு வருவோம். தூய்மைப் பணியாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வண்டியும் நேரமும் அப்படி. கலப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் செய்வதே வழி. ஈரக்கழிவு மேலே சொன்ன வாளிக்குள் போய்விட்டால், மற்றவை நாற்றமில்லாமல் ஒரு சாக்கில் மாதக்கணக்கில் கிடக்கும். பேப்பர், அட்டைப்பெட்டி, பாட்டில், தகரம், பால் கவர் ஆகியவற்றை அலசிக் காயவைத்துக் காயலான் கடையில் போட்டால் சில்லறையும் கிடைக்கும். வண்டிக்குக் கொடுக்க மிஞ்சுவது தாளில் சுற்றிய நாப்கின், டயப்பர், பிஸ்கட் உறை போன்றவையே. பல்பு, பேட்டரி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றை மட்டும் தனிப்பையில் கட்டிக் கொடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அந்த மலைக்கு ஒரு பிடிச் சோறு கூடப் போகவில்லை என்றால், மண்டபத்துக்காரரை நோக்கிக் கேட்கும்போது உங்கள் குரலுக்கு எடை கூடும்.

எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் குறைவு. மீன் தலை, செவுள், குடல், இறால் ஓடு இவற்றை உர வாளியில் போடலாமா?
— வாசகி, காசிமேடு

போட வேண்டாம். நாற்றம் ஒருபுறம் இருக்க, பூனையும் பெருச்சாளியும் வாளியைக் கவிழ்க்கும். ஆனால் வடசென்னைச் சமையலறையில் மற்ற பகுதிகளைவிடத் தாராளமாகக் கிடைக்கும் செல்வம் இந்த மீன் கழிவுதான். அதை வீணாக்குவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

இயற்கை விவசாயிகள் செய்யும் மீன் அமிலத்தை நீங்களும் செய்யலாம். உப்புப் படாத மீன் கழிவு ஒரு கிலோவைச் சிறிதாக நறுக்கி, அதே எடை நாட்டுவெல்லத்தைப் பொடித்துக் கலந்து, இறுக்கமாக மூடக்கூடிய பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, நிழலில் வைத்துவிடுங்கள். வெல்லம் கழிவிலுள்ள சாற்றை இழுத்துவிடுவதால் அழுகல் நின்று நொதித்தல் நடக்கும். வாயு சேர்ந்து மூடி உப்பினால் லேசாகத் திறந்து மூடுங்கள். 25 முதல் 40 நாட்களுக்குள் தேன்போன்ற நிறத்தில் திரவம் பிரிந்து நிற்கும். அப்போது மீன் கவிச்சி போய், பழம் புளித்தாற்போன்ற வாடை வந்திருக்க வேண்டும். முடை நாற்றம் அடித்தால் வெல்லம் போதவில்லை என்று அறிந்து மேலும் சேர்க்கலாம். வடிகட்டிய திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வரை கலந்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை மாலை வேளையில் செடிகளுக்குத் தெளித்தால் இலைகள் கரும்பச்சையாகத் திரண்டு வரும். அளவு கூடினால் இலை கருகும்.

இறால் ஓட்டை வெயிலில் சருகாகக் காயவைத்து இடித்துத் தொட்டி மண்ணில் கலக்கலாம். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே உண்டு. அது மிக நல்ல வழக்கம். இவ்வளவு வேலைக்கு நேரமில்லையென்றால், சந்தையிலேயே வெட்டிக் கொடுக்கும் பெண்களிடம் மீனைச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுபோனால் பாலித்தீன் பையும் மிச்சம்.

சொந்த வீடு, மொட்டை மாடி சுமார் 600 சதுர அடி. போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு மழைநீரைச் சேமித்து என்ன பயன் என்கிறார் என் தம்பி. டிரம்களில் பிடித்து வைத்தால் கொசு வருகிறது. எது சரி?
— வாசகர், தண்டையார்பேட்டை

தம்பி சொல்வதற்கு நேர்மாறானதே உண்மை. கடலோரத்தில்தான் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது மிகவும் அவசியம். நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், மணற்பாங்கான கடற்கரை நிலத்தடியில் அது உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் அறியப்பட்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்புநீர் அந்த 40 அடி அளவுக்கு எழும்பும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. அதே வட்டாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்க 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை தொடங்கப்பட்டது. ஆகவே, தண்ணீர் உப்பானதும் போரை இன்னும் ஆழமாக இறக்குவது உப்பை நோக்கியே இறங்குவதாகும். பழைய உறைகிணறு ஒன்று மூடிக் கிடந்தால், அதைத் தூர் வாரி மழைநீரை அதற்குள் விடுவது நலம்.

உங்கள் மாடிக்குக் கணக்குப் பார்ப்போம். 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஆவியாகி, சிந்தி வீணாவது போக எண்பது விழுக்காடு கிடைத்தாலும் ஆண்டுக்கு 62,000 லிட்டர் ஆகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுவதால் டிரம்களில் பிடித்து ஆண்டு முழுவதும் வைத்திருக்க இயலாது. பிடிப்பது கொஞ்சம், மண்ணுக்குள் இறக்குவது மிச்சம் எல்லாம் என்பதே பொருத்தமான திட்டம்.

2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது உங்கள் வீட்டிலும் குழாய் போட்டிருப்பீர்கள். அந்தக் குழாய் இப்போது எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். பல வீடுகளில் அது சாக்கடையில்தான் முடிகிறது. புரட்டாசி மாதத்திலேயே மாடியைக் கூட்டி, வடிகட்டித் தொட்டியிலுள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றத் தனியாக ஒரு வால்வு இருக்கட்டும். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் அமைக்க வேண்டாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும், அடிபம்பு முன்னால் வண்ண வண்ணக் குடங்கள் வரிசை கட்டியதையும் உங்கள் தம்பியும் மறந்திருக்க மாட்டார்.

கொசுவுக்கு வருவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நீங்கள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரையே தேடுகிறது. முட்டைகளை நீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் பக்கச் சுவரில் ஒட்டிவிடும். அந்த முட்டைகள் தண்ணீரின்றி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எனவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாட்கள் ஆகும் என்பதால் வாரம் என்ற கணக்கு. வாயைப் பழைய வேட்டித் துணியால் இழுத்துக் கட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரையும் ஏ.சி. தண்ணீரையும் செடிக்கு விடலாமா?
— வாசகர், மாதவரம்

ஏ.சி. தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து வடிவது, உப்பில்லை. செடிக்கு விடலாம், குடிக்கக் கூடாது. ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு திரண்டிருக்கும் என்பதால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள். அதற்கு முன், ஆர்.ஓ. தேவைதானா என்று பாருங்கள். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் காய்ச்சி வடிகட்டிய குழாய்த் தண்ணீரே போதும்.

எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் பயோ என்சைம் ஒன்றிருந்தால் பினாயில், சோப்பு எதுவும் வாங்க வேண்டாம் என்று கேள்விப்படுகிறேன். உண்மையா?
— வாசகி, வியாசர்பாடி

பாதி உண்மை. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்து மூன்று மாதம் ஊறவைத்தால் லேசான புளிப்புள்ள திரவம் கிடைக்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வெடித்துவிடும், ஆகவே பிளாஸ்டிக் டப்பாதான் சரி. டைல்ஸ் தரையையும் சிங்க்கையும் துடைக்க நன்றாகவே உதவும். வடசென்னையின் பழைய வீடுகளில் உள்ள மொசைக் தரைக்கு மட்டும் வேண்டாம். அமிலம் பட்டுப் பட்டு பளபளப்பு போய்விடும். இதை பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும்போதும், வெள்ளநீர் வீட்டுக்குள் புகுந்து வடிந்த பிறகும், கிருமிநாசினிக்கு இது மாற்று ஆகாது. பாத்திரத்துக்குச் சீயக்காய்த்தூள், பித்தளைக்குப் புளி, பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை என்று நம் பாட்டிமார் கைக்கு எட்டியதை வைத்துக்கொண்டார்கள். வெல்லம் விற்கும் விலையைப் பார்த்தால், நான் இவற்றுக்கே வாக்களிப்பேன்.

மாடித்தோட்டம் போட ஆசை. ஆனால் எங்கள் பகுதியில் காலையில் துணி உலர்த்தினால் மாலையில் தூசு படிந்திருக்கிறது. இங்கே விளைந்ததை உண்ணலாமா?
— வாசகி, மணலி

உண்ணலாம், சில கட்டுப்பாடுகளோடு. தொழிற்சாலைகளை ஒட்டிய நிலத்து மண்ணை அள்ளி வந்து பைகளில் நிரப்பாதீர்கள். சாம்பல் படிந்த ஏரிக்கரை மண்ணும் வேண்டாம். நம்பகமான இடத்திலிருந்து வாங்கிய செம்மண், தென்னை நார்த்தூள், உங்கள் வாளி உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்தால் போதும். மாடிக்கும் பாரம் குறையும். கீரைகள் பரந்த இலைகளில் தூசைப் பிடிப்பவை. மண்ணிலுள்ள உலோகங்களையும் காய்களைவிட அதிகமாக இலையில் சேர்ப்பவை. ஆகவே வெண்டை, கத்தரி, அவரை, சுரை, புடலை ஆகிய காய்களுக்கு முதலிடம் கொடுங்கள். கீரை கட்டாயம் வேண்டுமென்றால் வலைக்கு அடியில் வளர்த்து, புளித்தண்ணீரில் அலசி, மீண்டும் இருமுறை கழுவிச் சமையுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். அக்கினி நட்சத்திரத்தில் தொடங்கினால் மனமும் செடியும் சேர்ந்து வாடும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாகச் செங்கல்மேல் வைத்தால் பாரமும் தாங்கும், கசிவும் தெரியும். தோட்டக்கலைத்துறை மானிய விலையில் பைகளும் விதைகளும் கொடுத்து வந்திருக்கிறது. இப்போது உண்டா என்று விசாரியுங்கள். மார்க்கெட்டுக்கே போக வேண்டாம் என்ற அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பொரியலுக்கு ஆனாலே அது வெற்றி.

மாடியில் சூரிய மின்தகடு போட்டால் மின்வெட்டுக் கவலை தீருமா? செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?
— வாசகர், பெரம்பூர்

மின்வெட்டுக் கவலை தீராது. இதைப் பலர் தகடு மாட்டிய பிறகே அறிகிறார்கள். மின்கம்பியோடு இணைந்த அமைப்பு, வெளியே மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரியும் வேண்டுமென்றால் செலவு தனி.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000 என, உச்சமாக ரூ.78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில், 200 யூனிட்டைத் தாண்டாத குடும்பத்துக்கு இது அவசியமில்லை என்பேன். 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) விசிறி போட்டால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியிலேயே இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறைகிறது. இரண்டு ஏ.சி. ஓடும் வீடென்றால் தாராளமாகத் தகடு போடுங்கள். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத அலுமினியத் தாங்கியும், புயலுக்கு அசையாத அடித்தளமும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் பரண் நிறையச் சேர்ந்துவிட்டன. துணிப்பைதானே என்று எறிய மனம் வரவில்லை. என்ன செய்வது?
— வாசகி, ராயபுரம்

முதலில் அவை துணிதானா என்று பாருங்கள். துணி போலத் தோன்றும் நெய்யாத பைகள் பல பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் அவையும் அடங்கும். ஒரு நூலை இழுத்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள்: பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், பிளாஸ்டிக் என்றால் உருகி மணியாகத் திரளும். பிளாஸ்டிக்கை உலர்கழிவோடு சேர்த்துவிடுங்கள். போகிக்குக் கொளுத்த வேண்டாம். பருத்திப் பைகளில் நான்கைந்தை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் துவைத்துக் கட்டாகக் கட்டி, தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பை கொண்டுவராதவருக்கு அவர் ஒன்றைக் கொடுப்பார். மறுநாள் திருப்பிக் கேட்கவும் அவருக்குத் தெரியும்.